எள்ளுப்பாகு, கச்சான், மரமுந்திரிகை, சொக்லேட்: திருகோணமலையில் எதை நம்பி வாங்கலாம்?

உடம்புக்கும் நல்லது, விளைவித்தவருக்கும் நியாயமான காசு போகிறது என்று சொல்லி விற்கும் தின்பண்டங்கள் இப்போது திருகோணமலையிலும் தலைகாட்டுகின்றன. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் போடும் மேசைகளில், கோணேசர் கோவிலுக்கு ஏறும் வழிக் கடைகளில், சுப்பர் மார்க்கெட் தட்டுகளில், வெளிநாட்டுச் சொந்தக்காரர் கொண்டுவரும் பெட்டிகளில் எல்லாம் அவை இருக்கின்றன. முடிவை முதலே சொல்லிவிடுகிறோம். இடித்துப் பிடித்த எள்ளுப்பாகுக்கு முதலிடம். வெறும் வறுத்த கச்சானைப் பார்த்து வாங்கத் தெரிந்தால் அதுவும் அதற்குச் சமம். மரமுந்திரிகை கேட்டுக் கேட்டு வாங்க வேண்டிய சாமான். கச்சான் அல்வா எப்போதாவது ஒரு துண்டு. குரக்கன் பிஸ்கட் தேவையில்லை. முத்திரை குத்திய வெளிநாட்டுச் சொக்லேட் கொக்கோ விவசாயிக்கு ஓரளவு நல்லது, சீனி வருத்தக்காரருக்கு அல்ல.

நியாயமாக வாங்கிய பொருள் என்பதும் உடம்புக்கு நல்ல பொருள் என்பதும் இரண்டு வேறு விஷயங்கள். ஆனால் கச்சான், எள்ளு, பனங்கட்டி போன்றவற்றில் இரண்டும் ஓர் இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. காயவைப்பதும் புடைப்பதும் சொத்தை பொறுக்குவதும் வேலை. அந்த வேலைக்கு யாராவது காசு கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காவிட்டால் அது பைக்கற்றுக்குள்ளேயே தெரியும்.

உடம்புப் பக்கத்துக்கு நாங்கள் வைத்துக்கொண்ட அளவுகோல், இலங்கையில் பைக்கற் உணவுகளில் போட வேண்டிய நிற அடையாளம். திட உணவில் 100 கிராமுக்கு 22 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, கொழுப்பு 17.5 கிராமுக்கு மேல் போனால் சிவப்பு, உப்பு 1.25 கிராமுக்கு மேல் சிவப்பு. எள்ளும் கச்சானும் இயல்பிலேயே பாதிக்குப் பாதி எண்ணெய் என்பதால் கொழுப்பில் எப்படியும் சிவப்புத்தான். அதற்காக அவற்றைத் தள்ள வேண்டியதில்லை, கைப்பிடி அளவோடு நிறுத்தினால் போதும். பார்க்க வேண்டியது சீனி. பனங்கட்டியும் கித்துள் கருப்பட்டியும் சர்க்கரையும் இந்தக் கணக்கில் சீனிதான். "நாங்கள் சீனி போடுறேல்ல, பனங்கட்டிதான்" என்று சொல்லும்போது பலர் அதை மருந்து போல நினைக்கிறார்கள். பனங்கட்டியில் பெரும்பங்கு சுக்ரோஸ், வெள்ளைச் சீனியும் அதுதான். உலக சுகாதார நிறுவனம் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிற்பது நல்லது என்று சொல்லும் சீனிக்குள் இதுவும் அடங்கும்.

எள்ளுப்பாகு என்ற பெயரில் இங்கே இரண்டு சாமான்கள் கிடைக்கின்றன. ஒன்று, பாகு காய்ச்சி எள்ளைக் கொட்டிக் கிளறி உருட்டுவது. தலகுலி என்று கடதாசியில் சுற்றி விற்பதும் பெரும்பாலும் இந்த இனம். மற்றது, வறுத்த எள்ளையும் பனங்கட்டியையும் உரலில் போட்டு, வறுத்த உழுந்து மாவையும் சேர்த்து இடித்துப் பிடிப்பது. வித்தியாசம் கைப்பக்குவத்தில் மட்டும் இல்லை. பாகில் ஒட்டவைக்கும் உருண்டைக்குப் பாகுதான் பசை. எள்ளுக்குக் கிட்டத்தட்டச் சமனான எடைக்கு இனிப்பு இல்லாவிட்டால் உருண்டை உதிர்ந்துபோகும். இடிக்கும் முறையில் எள்ளிலிருந்து கசியும் எண்ணெயே பசையாகிவிடுகிறது. ஆகவே 400 கிராம் எள்ளு, 100 கிராம் பனங்கட்டி, 50 கிராம் உழுந்து மா என்ற அளவிலேயே பிடிபடும். இனிப்பு 18 சதவீதத்துக்குக் கிட்ட நிற்கும், சிவப்புக் கோட்டுக்குக் கீழே. 25 கிராம் உருண்டை ஒன்றில் நாலரைக் கிராம் சீனி. பாகு உருண்டையில் அதே எடைக்குப் பத்துக் கிராமைத் தாண்டும்.

எந்த முறையில் செய்தது என்பதை உடைத்துப் பார்த்தால் தெரியும். பாகில் செய்ததை இரண்டாக ஒடித்தால் சத்தம் வரும், எள்ளு முழுசு முழுசாக இருக்கும், இடையில் கண்ணாடி போலப் பாகு மினுங்கும். இடித்தது சத்தமில்லாமல் பிட்டு வரும். உடைந்த முகம் கருமண்ணிறத்தில் மங்கலாக இருக்கும், அதில் உழுந்து மா வெளிர்ப் புள்ளியாகத் தெரியும். வெள்ளைக் கடதாசியில் கொஞ்ச நேரம் வைத்தால் அடியில் எண்ணெய் வட்டம் விழும். வட்டம் விழாவிட்டால் மா கூடிவிட்டது என்று கொள்ளலாம், எள்ளு விலை ஏறும் காலத்தில் முதலில் கூடுவது உழுந்து மாதான். கிரைண்டரில் அரைத்ததும் வருகிறது. விட்டு விட்டு ஓட்டினால் தவறில்லை. தொடர்ந்து ஓட்டினால் சூட்டில் எண்ணெய் பிரிந்து, உருண்டை கையில் வழுக்கும், சில நாளில் காறத் தொடங்கும்.

குறை எங்கே வரும் என்றால் மண்ணில். எள்ளுச் செடியைப் பிடுங்கிக் காயவைத்து நிலத்தில் தட்டித்தான் மணியை எடுப்பார்கள். மணல் சேராமல் இராது. அதைப் புடைத்தால் மட்டும் போகாது. தண்ணீரில் போட்டு மிதக்கும் எள்ளை அரித்தெடுக்க வேண்டும், பிறகு ஒரு முழு வெயில் காயவைக்க வேண்டும். வன்னியிலோ அநுராதபுரப் பக்கத்திலோ மூட்டை விலைக்கு எடுத்த எள்ளை அப்படியே வறுத்தால் முதல் கடியிலேயே பல் கூசும். மேசையில் மாதிரிக்கு வைத்திருக்கும் துண்டை மென்று பார்க்காமல் வாங்காதீர்கள். கசந்தால் எள்ளு கருகிவிட்டது என்று அர்த்தம். எள்ளு மிதமான நெருப்பில் படபடவென்று வெடிக்கத் தொடங்கியதும் இறக்க வேண்டும், சட்டியின் சூடே மிச்ச வேலையைச் செய்யும். தோலோடு கூடிய எள்ளில் 100 கிராமுக்கு 975 மில்லிகிராம் அளவுக்குக் கல்சியம் உண்டு என்பது விளம்பரக்காரருக்குப் பிடித்த எண். அதில் பெரும்பங்கு தோலில் ஒட்சலேற்றோடு கட்டுண்டு கிடப்பதால் முழுவதும் உடம்பில் சேராது. பாலுக்குப் பதில் எள்ளுருண்டை என்று எழுதியிருந்தால் அந்த வரியை விட்டுவிட்டு உருண்டையை மட்டும் வாங்குங்கள்.

அடுத்து பனங்கட்டி. இது யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கமிருந்து குட்டானில் வருகிறது. கள்ளாகாமல் இருக்க முட்டியின் உட்புறம் சுண்ணாம்பு பூசி இறக்கிய கருப்பநீரைக் காய்ச்சி, பதம் வந்ததும் ஓலைக் குட்டானில் ஊற்றுவார்கள். சுண்ணாம்பு குறைந்தால் கருப்பநீர் புளித்து, சுக்ரோஸ் உடைந்து, கட்டி இறுகாது. கூடினால் நாக்கில் காரம் நிற்கும். ஏறுபவருக்கு ஒழுங்கான கூலி கிடைக்காத இடத்தில் நடப்பது ஒன்றுதான், கருப்பநீரோடு சீனிப் பாணி கலந்துவிடும். கலப்புக் கட்டி வெளிறி, கல்லாக இறுகி, ஒடித்தால் பளிங்குமணி போல மின்னும். மாரியில்கூட வியர்க்காது. நல்ல கட்டி காற்றுப் பட்டால் மேலே நசநசக்கும், பனையின் மணம் தூக்கலாக இருக்கும். இவை குறிகள் மட்டுமே, அடித்துச் சொல்ல ஆய்வுகூடம் வேண்டும். அதனால்தான் எங்கிருந்து எடுத்தது என்ற கேள்வி முக்கியம். சீவல் தொழிலாளரின் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாக வந்ததென்றால் ஏறியவரிடம் காசு போகும் வழி தெளிவாக இருக்கும். 1978இல் தொடங்கிய பனை அபிவிருத்திச் சபையின் விற்பனை நிலையச் சரக்கு என்றாலும் மூலத்தைக் கேட்டறிய ஓர் இடமாவது உண்டு. "சந்தையில எடுத்தது" என்றால் நியாய வர்த்தகம் என்ற பேச்சை அங்கேயே நிறுத்தலாம்.

கச்சானுக்கு வருவோம், இந்த ஊரில் அதிகம் கொறிபடுவது இதுதானே. இனிப்பும் உப்பும் சேர்க்காமல் மணலில் வறுத்த கச்சானில் 100 கிராமுக்கு 25 கிராம் புரதம் இருக்கிறது. விலைக்கு இதைவிட நல்ல தின்பண்டம் இங்கே இல்லை. அவித்த கச்சானும் நல்லதுதான், ஆனால் அன்றைக்கே முடித்துவிட வேண்டும். மாலை விற்றதை அடுத்த நாள் தின்னக் கூடாது.

கச்சானின் பெரிய ஆபத்து பூஞ்சணம். அஸ்பர்ஜிலஸ் பூஞ்சணம் விடும் அஃப்ளரொக்சின் ஈரலைப் பாதிக்கும் நஞ்சு. பதப்படுத்தப் போகும் கச்சானுக்குக் கோடெக்ஸ் என்ற சர்வதேச உணவுத் தரம் வைத்திருக்கும் எல்லை கிலோவுக்கு 15 மைக்ரோகிராம்தான். வறுத்தால் கொஞ்சம் குறையுமே தவிர ஒழியாது. பிடுங்கிய கச்சானை உடனே வெயிலில் உலர்த்திப் பருப்பின் ஈரத்தை 7, 8 சதவீதத்துக்குக் கொண்டுவந்தால் பூஞ்சணத்துக்கு வழியில்லை. இங்கேதான் விலை வந்து நிற்கிறது. விதைக்கும்போதே கடன் கொடுத்துவிட்டு, பிடுங்கிய கையோடு வயலிலேயே நிறுத்து எடுக்கும் வியாபாரியிடம் விற்பவர் எதற்காகக் காயவைக்க வேண்டும்? காய்ந்தால் எடை குறையும், காசும் குறையும். காய்ந்த கச்சானுக்கு வேறாக, கூட்டி விலை தருபவரிடம் விற்றால்தான் வெயில் காயவைத்த நாளுக்குக் கூலி கிடைக்கும். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி இது: "அக்கா, காயாத கச்சானுக்கும் காய்ஞ்சதுக்கும் ஒரே விலையோ குடுக்கிறனீங்கள்?" ஒழுங்காகச் செய்கிற சங்கத்தில் இதற்கு உடனே பதில் வரும். விழித்தால் மூட்டையில் வாங்கிப் பைக்கற்றில் அடைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

கையில் எடுத்துப் பார்ப்பதற்கும் வழி உண்டு. ஒரு கைப்பிடியைத் தட்டில் பரப்புங்கள். சுருங்கியது, கறுத்தது, மஞ்சளாகப் போனது, தோல் கிழிந்து முளை தெரிவது ஆகியவற்றில்தான் நஞ்சு பெரும்பாலும் சேர்ந்திருக்கும். பொறுக்கிய சரக்கில் இப்படி ஒன்றிரண்டுக்கு மேல் வராது. பத்துக்கு ஒன்று வந்தால் அந்தப் பைக்கற் வேண்டாம். கோதோடு விற்பதில் உட்கோது வெள்ளையாக இருக்க வேண்டும், சாம்பல் நிறத் தூள் தெரிந்தால் அப்படியே திருப்பிக் கொடுங்கள். கச்சான் அல்வாவில் இந்தச் சோதனை முடியாது. பாகு எல்லாவற்றையும் மூடிவிடுகிறது. சொத்தைக் கச்சானுக்கு நல்ல மறைவிடம் அது.

அல்வாவைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. பாகு 150 பாகை செல்சியஸ் வரை போக வேண்டும். தண்ணீரில் விட்ட துளி டக்கென்று ஒடிந்தால் அதுதான் பதம். அவசரப்பட்டு முன்னமே இறக்கினால் பல்லில் ஒட்டும். பனங்கட்டி மட்டும் போட்ட அல்வா ஐப்பசி, கார்த்திகை மழைக்கு ஒரு நாளில் இளகிவிடும். அதிலுள்ள உடைந்த சீனி காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். அதனால் மாரியில் கறுமொறு என்று இருக்கும் "சுத்தமான பனங்கட்டி அல்வா" கிடைத்தால் அதில் வெள்ளைச் சீனி இருக்கிறது என்று தாராளமாகச் சந்தேகிக்கலாம். எப்படிச் செய்தாலும் இனிப்பு நாற்பது சதவீதத்துக்கு மேல்.

மரமுந்திரிகையில் கேள்வி வேறு. கோதுக்குள் இருக்கும் எண்ணெய் தோலைப் பொசுக்கும். உடைக்கும் பெண்களின் விரல்கள் கறுத்து, உரிந்து, கொப்புளம் போடும். சாம்பலையோ தேங்காய் எண்ணெயையோ பூசிக்கொண்டு உடைப்பது பழைய பழக்கம். கையுறை கொடுக்கிறார்களா, உடைப்புக் கூலி முழுப்பருப்புக்கு மட்டுமா, துண்டுக்கும் உண்டா என்று கேளுங்கள். முழுசுக்கு மட்டும் கூலி என்றால் கையுறை கொடுத்தாலும் போடமாட்டார்கள், போட்டால் கை தடித்து பருப்பு உடையும். நாலைந்து கிலோ கோதுக் கொட்டை உடைத்தால்தான் ஒரு கிலோ பருப்பு தேறும் என்பதையும் நினைவில் வையுங்கள், விலை ஏன் அந்த உயரத்தில் நிற்கிறது என்று விளங்கும். உள்ளூர் விளைச்சல் போதாததால் இறக்குமதிக் கொட்டையும் சந்தையில் கலந்துதான் வருகிறது. கிழக்கு மாகாணப் பருப்பு என்று உறுதியாக வேண்டுமென்றால் சித்திரை, வைகாசியில் வாங்குங்கள். துண்டுப் பருப்பு விலையில் நன்றாகக் குறையும், சத்தில் ஒன்றும் குறையாது, துண்டுக்கும் கிராக்கி இருந்தால் உடைப்பவருக்கும் நல்லது. மிளகாய்த்தூளும் உப்பும் பிரட்டியதை விடுங்கள், பழசை மறைக்க அதைவிட எளிய வழி இல்லை.

பனங்கிழங்கை அவித்துக் காயவைத்த புழுக்கொடியல் பற்றி யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. தைக்குப் பிறகு புதுசு வரும். சீனி கிடையாது, நார் நிறைய, பாளம் பாளமாக வெட்டித் தேங்காய்ச் சொட்டோடு மெல்லலாம். வெடிப்புகளில் பச்சைப் பூஞ்சணம் இல்லாததாகப் பார்த்து எடுத்தால் போதும். பல் நல்லதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

குரக்கன் பிஸ்கட் பைக்கற்றைத் திருப்பிப் பாருங்கள். சேர்மானங்கள் எடை கூடியதிலிருந்து குறைந்ததாக எழுதப்பட்டிருக்கும். கோதுமை மா, சீனி, மரக்கறிக் கொழுப்பு, அதற்குப் பிறகே குரக்கன் என்று வந்தால் முன்பக்கப் படத்துக்கு மட்டும் காசு கொடுக்கிறீர்கள்.

சொக்லேட். கறுப்புப் பின்னணியில் நீலமும் பச்சையுமாக இருக்கும் ஃபெயார்ட்ரேட் முத்திரைக்குப் பின்னால் இரண்டு காசு இருக்கிறது. விலை விழுந்தாலும் அதற்குக் கீழே போகாத குறைந்தபட்ச விலை ஒன்று. கூட்டுறவு உறுப்பினர் கூடி எதற்குச் செலவிடுவது என்று தீர்மானிக்கும் மேலதிகத் தொகை மற்றது. மேற்கு ஆபிரிக்கக் கொக்கோவுக்கு 2019 ஒக்டோபரில் இவை தொன்னுக்கு 2,400 டொலர், 240 டொலர் என்று உயர்த்தப்பட்டன. 2024இல் உலகச் சந்தையில் கொக்கோ 10,000 டொலரைத் தாண்டியபோது குறைந்தபட்ச விலை வெறும் எழுத்தாகிவிட்டது, மேலதிகத் தொகைதான் மிஞ்சியது. முத்திரைக்குப் பக்கத்தில் சிறிய அம்புக்குறி இருந்தால் பின்பக்கத்தை வாசிக்க வேண்டும். ஒன்று, எல்லாச் சேர்மானமும் அந்த வழியில் வந்தவை அல்ல. அல்லது, சான்று பெற்ற கொக்கோவும் மற்றதும் ஆலையில் கலந்து, வாங்கிய அளவுக்கு விற்கும் அளவைக் கணக்கில் மட்டும் நேர் செய்திருக்கிறார்கள். மோசடி இல்லை, ஆனால் உங்கள் கையிலிருக்கும் கட்டியிலேயே அந்த விவசாயியின் கொக்கோ இருக்க வேண்டியதில்லை. தவளைப் படம் போட்ட முத்திரை வேறு அமைப்பினுடையது, அதில் குறைந்தபட்ச விலை உறுதி கிடையாது. உடம்புக் கணக்கில் 70 சதவீதக் கறுப்புச் சொக்லேட்டும் பெரும்பாலும் சிவப்புக் கோட்டுக்கு மேலேதான். மேலே வெள்ளை படர்ந்திருந்தால் பூஞ்சணம் அல்ல, நம் ஊர் வெயிலில் உருகி மறுபடி உறைந்த கொக்கோக் கொழுப்பு. தின்னலாம், உருசிதான் மட்டமாகியிருக்கும்.

நியாயத்தைக் காசில் பார்க்க ஒரு கணக்கு இருக்கிறது. கோதுக் கச்சானில் பருப்பு மூன்றில் இரண்டு பங்கு தேறும். 60 கிராம் பருப்புப் போட்ட பைக்கற்றுக்கு 90 கிராம் கோதுக் கச்சான் வேண்டும். வயல் விலை கிலோ 400 ரூபாய், பைக்கற் 200 ரூபாய் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்வோம். விவசாயிக்குப் போனது 36 ரூபாய், பதினெட்டு சதவீதம். எண்களை அன்றைய விலைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கால்வாசிக்கு மேலே வந்தால் நாங்கள் நல்லது என்போம். பத்துக்குக் கீழே போனால் மிச்சக் காசு அழகான பெட்டிக்கும் றிபனுக்கும் போயிருக்கிறது.

சங்கங்களின் சரக்கில் அடிக்கடி காணும் குறை லேபல். செய்தவர் பெயர், முகவரி, தொகுதி இலக்கம், செய்த திகதி, முடியும் திகதி, எடை, சேர்மானம் எல்லாம் இருக்க வேண்டும். வெறும் "வீட்டுத் தயாரிப்பு" போதாது. செய்த திகதி இல்லாத எண்ணெய் வித்துப் பண்டத்தை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம், எவ்வளவு நல்ல மனசோடு செய்திருந்தாலும். கண்ணாடி போன்ற பொலித்தீன் பையில் அடைத்து வெயில் படும்படி தொங்கவிட்டதையும் வாங்க வேண்டாம், வெளிச்சமும் காற்றும் பட்டால் கச்சான் எண்ணெய் சீக்கிரம் காறிவிடும். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் இறுக மூடும் போத்தலிலோ டின்னிலோ போடுங்கள். இடித்த எள்ளுப்பாகு, தென்மேற்கிலிருந்து வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் மூன்று கிழமை நிற்கும், மாரியில் பத்து நாளுக்குள் முடிக்கப் பாருங்கள். பிறிட்ஜில் வைப்பதென்றால் மூடி இறுக்கமாக இருக்கட்டும், எடுத்த உடனே திறக்காமல் அறைச் சூட்டுக்கு வந்த பிறகு திறவுங்கள். குளிர்ந்த உருண்டையில் காற்றுப் பட்டால் மேலே நீர் பிடித்து, இரண்டாம் நாளே பூத்துவிடும்.